மன்றாட்டு நாளில் புகைந்த அடுப்பு

எங்கள் ஊர் வெர்சோலின் பொது அடுப்புக்கு முன்னால் போன வருஷம் ஒரு பலகை நட்டார்கள். நட்டவன் நான்தான். முப்பத்தைந்து வருஷம் இந்த ஊர்ச் சாலைக்காரனாக இருந்தேன். பள்ளம் மூடினேன், சலவைத் தொட்டியில் பாசி சுரண்டினேன், செத்தவர்களுக்குக் குழி வெட்டினேன். வேலையை விட்ட பிறகும் மண்ணில் ஏதாவது தோண்ட வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பலகையில் இருப்பது பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுத்தது: "பொது அடுப்பு. 1771. மணற்கல். ஒரே சூட்டில் அறுபது ரொட்டி வேகும்." கோயிலுக்கு ஒரு பலகை, கல் சிலுவைக்கு ஒன்று, சலவைத் தொட்டிக்கு ஒன்று, மாவாலைக்கு ஒன்று. கோடையில் காரில் வருகிறவர்கள் படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போகிறார்கள். கல்லுக்கு எத்தனை வயசு என்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும்.

அந்த அடுப்பின் வாயில் நாற்பத்திரண்டு வருஷம் நின்று வெந்தவள் சிதோனி மெர்லூ. அவள் பெயர் பலகையில் இல்லை. வாத்தியாரிடமே போய்க் கேட்டேன்.

"அந்தக் கதையெல்லாம் எதுக்குய்யா பலகையில? வெர்னூ வீட்டுக்காரங்க மனசு நோகும்ல," என்றார்.

நோகட்டும். நோகத்தான் சொல்கிறேன்.

சிதோனியின் அப்பன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அவன் செத்தபோது அவளுக்கு இருபது வயசு. அடுப்பை ஒட்டிய இரண்டு அறை வீடும், இரும்புக் கதவின் சாவியும் அவளுக்கு வந்தன. குட்டையானவள். வலது புருவம் எப்போதும் தீய்ந்திருக்கும், கைகளில் ஒரு முடி கிடையாது. பதினைந்து நாளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை அடுப்பு மூட்டுவாள். ஒவ்வொரு வீடும் மாவைப் பிசைந்து கூடையில் கொண்டுவரும். யார் ரொட்டி யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு அடையாளம் கீறியிருப்பார்கள். வெர்னூ வீட்டுக்குச் சாவி, ஆலைக்காரனுக்குச் சக்கரம், மரச்செருப்பு செய்கிற எங்கள் வீட்டுக்கு இரண்டு கோடு. ஊர் முழுக்கத் தின்ற ரொட்டி அவள் கை வழியாக வந்த ரொட்டி.

இன்னொரு ரொட்டியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முறை வைத்து ஒரு வீடு ரொட்டி கொண்டுபோகும். சாமியார் அதை மந்திரித்து எல்லோருக்கும் துண்டு போட்டுக் கொடுப்பார். ஒரு துண்டை மட்டும் எடுத்து வெள்ளைத் துணியில் சுற்றி, முறை முடித்த வீட்டுக்காரி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அதுதான் முறைத் துண்டு. அது வீட்டு வாசலுக்கு வந்தால் அடுத்த ஞாயிறு உன் முறை என்று அர்த்தம். கோயிலடியில் தொடங்கி, கல் சிலுவையைத் தாண்டி, சலவைத் தொட்டிக்கு இறங்கி, ஆலைக்கு ஏறி, வெர்னூ பெரிய வீடு, அதற்கடுத்து சிதோனி, அதற்கடுத்து நாங்கள் என்று நாற்பத்தேழு வீடும் சுற்றி வரும். அந்தத் துண்டு வருகிற வீடுதான் ஊரில் வீடு. வராத வீடு கல்லும் கூரையும், அவ்வளவே.

விண்ணேற்றத் திருநாளுக்கு முந்தின திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் எங்களுக்கு மன்றாட்டு நாட்கள். சாமியார் முன்னால் போக, ஊரே சுற்றுப்பிரகாரமாகப் பாடிக்கொண்டு பின்னால் வயல்களைச் சுற்றி வரும். ஆலங்கட்டி வேண்டாம், பனி வேண்டாம் என்று கேட்கும். அந்த மூன்று நாளும் துணி துவைக்கக் கூடாது, ரொட்டி சுடக் கூடாது. சுட்டால் வருஷம் பூராவும் ரொட்டி பூசணம் பிடிக்கும், கதிர் நாசமாகும். யார் சொன்னது என்று கேட்காதீர்கள். எல்லோரும் சொன்னார்கள்.

1903-ஆம் வருஷம் மன்றாட்டுத் திங்கள் சாயங்காலம் சிதோனியின் பின்கட்டுக்கு லெயோகாதி வந்தாள். வெர்னூ வீட்டு மருமகள், முப்பது வயசு, வீட்டின் சாவிக்கொத்து அப்போதே அவள் இடுப்பில். அவள் புருஷன் ஃபிர்மின் கோயில் நிர்வாகத்துக்குத் தலைவர். ஊர்க் கோதுமை நிலத்தில் பாதி அவர்களுடையது.

"சிதோனி, நாளைக்கு மத்தியானம் டவுன்லேர்ந்து பத்திரம் எழுதுற நோட்டரி சாப்பிட வர்றாரு. மேட்டு நிலம் விஷயமா. அவருக்குப் போயி காஞ்ச ரொட்டியவா வைக்கிறது? நாலே நாலு வெண்ணெய் ரொட்டி சுட்டுக் குடுத்துரு."

"மன்றாட்டு நாளும்மா. மாட்டேன்."

"கொஞ்சமா வெறகு போடுடி. யாருக்குத் தெரியப்போவுது? யாராவது ஏதாவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். பெரிய வீடு இருக்குல்ல உனக்கு."

பெரிய வீட்டுக்கு மாட்டேன் என்று இரண்டு தடவை சொல்லும் தைரியம் இருபத்துநாலு வயசுப் பெண்ணுக்கு இல்லை. மறுநாள் காலை மூட்டினாள். முந்தின ராத்திரி மழை, விறகு ஈரம். சுற்றுப்பிரகாரம் கல் சிலுவை அருகே திரும்பியபோது அடுப்புப் புகைபோக்கியிலிருந்து கறுப்பாக, தடியாகப் புகை எழுந்தது. பாட்டு நின்றுவிட்டது. எனக்கு அப்போது பதினெட்டு வயசு, கூட்டத்தில் இருந்தேன். எல்லோருக்கும் முன்னால் கையில் மெழுகுவர்த்தியோடு நின்ற லெயோகாதி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அய்யோ ஆண்டவரே! யாரு இந்த அநியாயத்தப் பண்றது?" என்றாள்.

இரண்டு மணி நேரம் கழித்து அந்த அநியாயத்தில் நாலு அவள் சாப்பாட்டு மேஜையில் இருந்தது.

புதன்கிழமை பிற்பகல் ஆலங்கட்டி விழுந்தது. கால் மணி நேரம்தான். கதிர் தரையோடு படுத்தது, திராட்சை போயிற்று, கோயில் ஜன்னலில் புனிதரின் முகம் உடைந்தது. பக்கத்து ஊர் லுவியேரில் எந்த அடுப்பும் புகையவில்லை, அங்கே எங்களைவிட மோசமாக விழுந்தது. அதை ஒருத்தர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. சிதோனி சாமியாரிடம் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னாள். சாமியார் லெயோகாதியைக் கேட்டார். அவள் "பொய்" என்றாள். முடிந்தது விசாரணை. வெண்ணெய் ரொட்டி தின்ற நோட்டரியைக் கேட்டிருக்கலாம். டவுன் நோட்டரியைப் போய் யார் கேட்பது?

அக்டோபரில் வெர்னூ வீட்டு முறை வந்தது. பூசை முடிந்து சிதோனி தன் வாசலில் நின்றாள். நல்ல பாவாடை கட்டியிருந்தாள், சலித்த மாவு தனியாக எடுத்து வைத்திருந்தாள். லெயோகாதி வெள்ளைத் துணியில் சுற்றிய துண்டோடு தெருவில் வந்தாள். சிதோனி கையை நீட்டினாள். லெயோகாதி அவளைத் தூணைத் தாண்டுவது போலத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்து, என் அம்மா கையில் துண்டைக் கொடுத்தாள். அம்மா ஒரு நிமிஷம் தயங்கினாள், பிறகு வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டில் எனக்கும் ஒரு வாய் கிடைத்தது. தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் அந்தத் துண்டு அவள் வீட்டைத் தாண்டித்தான் போயிற்று. ஆலைக்காரன் இளைய மகனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். "ஆலங்கட்டிக்காரி எங்களுக்கு வேண்டாம்," என்று ஆலைக்காரி முறித்துவிட்டாள். அவன் லுவியேரில் கட்டிக்கொண்டு, பிறகு போருக்குப் போனான். கோயிலெதிரே இருக்கிற நினைவுக் கல்லில் மேலிருந்து ஐந்தாவது பெயர் அவனுடையது. அந்தக் கல்லுக்கு மற்ற பெண்கள் பூ வைப்பார்கள். சிதோனிக்குப் பூ வைக்கவும் பாத்தியதை இல்லை. ஆனால் பதினைந்து நாளுக்கு ஒரு வெள்ளி எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வந்தார்கள். மந்திரித்த ரொட்டிக்கு ஆகாதவள், வயிற்றுக்கு ஆவாள். எங்கள் ஊர்ப் பக்தி அப்படி.

அவளும் சும்மா இருக்கவில்லை. சாவி அடையாளம் போட்ட ரொட்டிகளை இடதுபக்கச் சுவரோரம், தீ கடிக்கிற இடத்தில் தள்ளுவாள். வருஷக்கணக்காக வெர்னூ வீட்டு ரொட்டிக்கு அடி கரிதான்.

"என்னடி இது, எங்க ரொட்டி மட்டும் தீயுது?"

"உங்க மாவு அப்படிம்மா. கொஞ்சம் கொழுப்பு ஜாஸ்தி."

லெயோகாதிக்குப் புரியும். ஆனால் சண்டை போட்டால் பழைய பேச்சு வரும். கத்தியால் கரியைச் சுரண்டிப் போட்டுவிட்டுத் தின்பாள்.

1922-இல் அடுப்புக் கூரையில் ஓடு மாற்றப் போனேன். சிதோனி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். பின்கட்டு, நோட்டரி, வெண்ணெய் ரொட்டி, சொல்லுக்குச் சொல்.

"நம்புறியா?"

"நம்புறேன்க்கா."

"அப்ப எறங்கிப் போயி ஊருக்குச் சொல்லு."

நான் இறங்கவில்லை. குளிர்காலத்தில் வாரம் மூன்று நாள் வெர்னூ காட்டில் விறகு வெட்டினால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும். ஓட்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவளும் என்னை வற்புறுத்தவில்லை.

"நீ சொன்னாலும் எனக்குப் பத்தாதுடா. அவ சாகணும்னு எனக்கு இல்ல. அவ வாயால சொல்லணும். ஊரு நின்னு கேக்கணும். அதுக்குத்தான் உசுர வெச்சிருக்கேன்."

1934 மே மாதம், மன்றாட்டு நாட்களுக்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்து வீட்டுக்குப் போன ஃபிர்மின் வெர்னூ முற்றத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டும்போது விழுந்தார். மாலை மணி அடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அந்த வருஷம் மே மாதமே வெயில் கொளுத்தியது. புதன்கிழமைக்கு மேல் உடல் தாங்காது. புதன் காலை அடக்கம் என்று முடிவாயிற்று.

பெரிய வீட்டுச் சாவு என்றால் மூன்று ஊர் வந்து சாப்பிடும். வாசலில் வந்து நிற்கிற ஏழைகளுக்கு ஆளுக்கொரு ரொட்டி கொடுக்க வேண்டும். அது செத்தவருடைய சொந்தக் கோதுமையில், சொந்த ஊர் அடுப்பில் சுட்டதாக இருக்க வேண்டும். கோதுமை நிலத்தில் பாதியை வைத்திருக்கிறவன் சாவுக்குக் கடை ரொட்டி வாங்கினால் அந்தக் குடும்பம் பிறகு தலைநிமிர்ந்து நடக்க முடியாது. எண்பது ரொட்டி வேண்டும். வெள்ளிக்கிழமைதான் அடுத்த சூடு, எந்த வீட்டிலும் காய்ந்த ரொட்டிகூட மிச்சமில்லை. மகன் எமிலியான் லுவியேருக்கும் அதற்கடுத்த ஊருக்கும் சைக்கிளில் போய்க் கெஞ்சிப் பார்த்தான். மன்றாட்டு நாளில் எவரும் அடுப்பைத் தொடவில்லை. கடைசியில் சிதோனியிடம் வந்தான்.

"கேக்க வேண்டியவங்கள வரச் சொல்லு தம்பி," என்று அவனை அனுப்பிவிட்டாள்.

திங்கள் மத்தியானம் லெயோகாதியே வந்தாள், அதே பின்கட்டு வழியாக. நான் உள்ளே அடுப்புக் கதவின் கீலைச் சரி செய்துகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தாள், ஆனால் நான் அவளுக்கு ஓர் ஆளாகப் படவில்லை.

"முன்வாசல் அந்தப் பக்கம் இருக்கு," என்றாள் சிதோனி.

"கேலி பண்ற நேரமா? எம் புருஷன் பொணமா கெடக்காரு."

"பாவம். நல்ல மனுஷன்னு சொல்ல மாட்டேன். இருந்தாலும் பாவம்."

லெயோகாதி பல்லைக் கடித்துக்கொண்டாள். அறுபத்தோரு வயசு, அழுது முகம் வீங்கியிருந்தது. "எம்பது ரொட்டி வேணும். மாவு அனுப்புறேன், வெறகு அனுப்புறேன். வேற எவளும் இந்த நாள்ல அடுப்ப மூட்ட மாட்டா. உனக்கென்ன? உம்மேலதான் ஏற்கெனவே பழி இருக்கே. இன்னொரு தரம் மூட்டுனா புதுசா என்ன வந்துறப்போவுது?"

அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அதுதான் கொடுமை. தான் போட்ட பழி தனக்கே ஒரு நாள் பயன்படுகிறது என்று நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னாள்.

சிதோனி கோபப்படவில்லை. சிரித்தாள்.

"சரியாத்தான் சொல்றீங்க. நாளைக்குக் காலைல சுற்றுப்பிரகாரம் இந்த வாசலுக்கு வரும்ல, அங்க வந்து கேளுங்க. போன தடவ யாரு கேட்டாங்க, எதுக்குக் கேட்டாங்கன்னும் சேத்துச் சொல்லுங்க."

"ஊரு முன்னாலயா?"

"அன்னிக்கு ஊரு முன்னாலதான 'யாரு இந்த அநியாயத்தப் பண்றது'ன்னு கேட்டீங்க? பதிலும் அங்கயே சொல்லிருங்க."

"சொன்னா மூட்டுவியா?"

"மொதல்ல சொல்லுங்க. பாப்போம்."

செவ்வாய் காலை நான் புனிதர் கொடியைப் பிடித்துக்கொண்டு சாமியாருக்கு அடுத்து நடந்தேன். வந்து இரண்டு வருஷமே ஆன இளம் சாமியார், பழைய கதை எதுவும் தெரியாதவர். கல் சிலுவையைச் சுற்றினோம், சலவைத் தொட்டிக்கு இறங்கினோம், ஆலையடியில் வயலுக்கு மந்திரித்த தண்ணீர் தெளித்தோம். மன்றாட்டு மாலையில் ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் ஊர் பதில் சொல்லிக்கொண்டு வந்தது. எனக்கு ஒரு பெயரும் காதில் ஏறவில்லை. லெயோகாதி வருவாளா மாட்டாளா என்பதே மண்டைக்குள் ஓடியது. பிணம் வீட்டில் கிடக்கும்போது அந்த வீட்டுக்காரி ஊர் பார்க்க வெளியே கால் வைப்பது இங்கே வழக்கமில்லை.

அடுப்பு வாசலுக்கு வந்தோம். கறுப்பு உடையில் லெயோகாதி நின்றுகொண்டிருந்தாள். எதிரே, கைகளைக் கட்டிக்கொண்டு சிதோனி. சாமியார் ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தார். லெயோகாதி அவரைப் பார்க்கவில்லை.

"சிதோனி, எம் புருஷன் அடக்கத்துக்கு ரொட்டி சுட்டுக் குடு."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

லெயோகாதி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு சத்தமாகவே சொன்னாள். "தொள்ளாயிரத்து மூணுல மன்றாட்டு நாள்ல அடுப்ப மூட்டச் சொன்னது நான். நோட்டரிக்கு வெண்ணெய் ரொட்டி வேணும்னு கேட்டேன். இவ மாட்டேன்னா. நான்தான் மூட்ட வெச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பொய் சொன்னேன். சாமியார்கிட்டயும் பொய் சொன்னேன். துண்டையும் குடுக்காமப் போனேன்."

என் பக்கத்தில் ஆலைக்காரக் கிழவி, எண்பது வயசு, அப்படியே அடுப்புப் படிக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மகனுக்கு யாரைக் கட்டி வைத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பாள். போடட்டும்.

இளம் சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "சிதோனி, இந்த ஊர் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். வர்ற ஞாயித்துக்கெழமை முறைத் துண்டு உங்க வீட்டுக்கு வரும். நானே கொண்டு வர்றேன்."

"கொண்டு வராதீங்க சாமி. எங்க வாசலத் தாண்டிப் போற வழி அதுக்கு நல்லாப் பழகிப்போச்சு. கோழிக்குக்கூட நான் பழசு போடறதில்ல."

சிலர் தலைகுனிந்தார்கள். லெயோகாதி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். எல்லாம் முடிந்துவிட்டது, இனி வேலையைப் பார்க்கலாம் என்ற முகம்.

"எமிலியான வெறகோட அனுப்பவா?"

"எதுக்கு?"

"ரொட்டிக்கு... எம்பது ரொட்டி..."

சிதோனி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "மன்றாட்டு நாள்ல அடுப்ப மூட்டுறதா? சாமியார் நிக்கிறாரு, ஊரே நிக்குது, என்ன பேச்சும்மா பேசறீங்க? வயக்காடு என்னத்துக்கு ஆவுறது? ஒருதரம் உங்க பேச்சக் கேட்டு மூட்டி நான் பட்டது போதும்."

இரும்புக் கதவைச் சாத்தினாள், பூட்டினாள், சாவியை மடியில் செருகிக்கொண்டாள். எவர் மூட்டச் சொன்னாலும் தன் கோதுமைக்குத் தானே கேடு கேட்ட மாதிரி. எமிலியான் சாமியாரைப் பார்த்தான், சாமியார் புத்தகத்தைப் பார்த்தார். கடைசியில் கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ மன்றாட்டு மாலையை விட்ட இடத்திலிருந்து எடுக்க, நாங்கள் பாடிக்கொண்டே நகர்ந்தோம். திரும்பிப் பார்த்தேன். லெயோகாதி அடுப்பு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

டவுனுக்கு வண்டி அனுப்பலாம் என்று எமிலியான் சொல்லியிருக்கிறான். "கடை ரொட்டி இந்த வாசல்ல நொழஞ்சா நான் கெணத்துல விழுவேன்," என்றாளாம் தாய். அதனால் புதன்கிழமை வாசலுக்கு வந்த ஏழைகளுக்கு ஆளுக்கு ஐந்து உருளைக்கிழங்கு கொடுத்தார்கள். வாங்கினவர்கள் தெருமுனை வரைக்கும் திட்டிக்கொண்டே போனார்கள். நான் குழியை மூடிவிட்டுக் கைகழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன். முற்றத்தில் நீள மேஜை, மூன்று ஊர் ஆட்கள், அவித்த கறி, மலைபோல உருளைக்கிழங்கு.

சிதோனி வந்தாள். சாவுச் சாப்பாட்டுக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. சுத்தமான கறுப்பு உடை, தலையில் துணி. நடுமேஜையில், லெயோகாதிக்கு நேர் எதிரே இடம் பார்த்து உட்கார்ந்தாள். கறி பரிமாறினார்கள். கத்தியைக் கையில் எடுத்தாள், தட்டுக்கு இடதுபக்கம் பார்த்தாள், வலதுபக்கம் பார்த்தாள்.

"ரொட்டி இல்லையா?" என்றாள்.

மேஜையில் இருந்தவர்கள் லெயோகாதி பக்கம் திரும்பினார்கள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று லெயோகாதி காத்திருந்தாள். பந்தியில் கேட்டதற்கு வீட்டுக்காரிதான் பதில் சொல்ல வேண்டும்.

"இல்ல."

"என்னது?"

"ரொட்டி இல்ல, சிதோனி."

"சரி, பரவால்ல," என்று சிதோனி உருளைக்கிழங்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாவு வீட்டில் உட்கார்ந்து சந்தோஷப்படலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.